ஐஸ்பெட்டிக்கு ஒரு நியாயம், கள்ளுமுட்டிக்கு ஒரு நியாயம்

ஒரு பிளாஸ்டிக் ஐஸ்பெட்டி, ஒரு வால்வு, கழிப்பறைத் தொட்டிக்குத் தண்ணி கொண்டுபோற வளையும் குழாய் ஒண்டு. இந்த மூன்றோடு அமெரிக்காவில் ஒருவர் தன் வீட்டுக் கராஜில் பியர் காய்ச்சத் தொடங்கலாம். அவருக்குப் பெயர் ஹோம்புறூவர். அவர் செய்வதைக் காட்ட யூரியூப் வீடியோ இருக்கிறது. அவருக்கெண்டு சங்கம் இருக்கிறது, போட்டி இருக்கிறது, பரிசு இருக்கிறது.

ஒரு மண்முட்டி, ஒரு பாளைக்கத்தி, ஒரு தளைநார். இந்த மூன்றும் கையில் இருக்கிறவருக்கு எங்கட ஊரில் என்ன பெயர் எண்டு நான் எழுதத் தேவையில்லை. உங்களுக்கே தெரியும். ஊர் அவரைச் சாதியால் கூப்பிடும். அனுமதிப்பத்திரம் இல்லையெண்டால் மதுவரித் திணைக்களம் வழக்கு இலக்கத்தால் கூப்பிடும்.

இந்த இரண்டு பேரும் செய்கிற வேலை ஒன்றுதான். சீனியை மதுவத்துக்குத் தின்னக் கொடுத்து மதுவாக்குவது. அதில் ஒன்று 'பொழுதுபோக்கு' ஆகவும் மற்றது 'தொழில்' கூட இல்லாமல் 'இழிதொழில்' ஆகவும் எப்படிப் போனது எண்டதுதான் என் கேள்வி. நொதிக்க வைப்பது சமையல் வேலை. அதை அடுப்படியில் இருந்து பறித்தது விஞ்ஞானம் இல்லை. வரியும், முதலாளியும், ஆம்பிளைத்தனமும். எங்கட நாட்டில் இந்த மூன்றோடு சாதியும் சேர்ந்தது. இதுதான் நான் சொல்ல வருவது. ஐஸ்பெட்டியில் இருந்து தொடங்குவதற்குக் காரணம், அந்தப் பெட்டி இந்தப் பொய்யை எல்லாவற்றையும் விட இலேசாக உடைக்கும்.

பெட்டிக்குள் என்ன நடக்குது?

பிக்னிக் போகும்போது சோடாவும் ஐஸும் போட்டுக்கொண்டு போகிற பெட்டியைத்தான் சொல்கிறேன். எங்கட பக்கம் மீன்காரர் மோட்டச்சைக்கிளுக்குப் பின்னால கட்டிக்கொண்டு வாற றெஜிபோம் பெட்டிக்கு அது வசதியான சொந்தக்காரன். இரண்டு பிளாஸ்டிக் சுவர், நடுவில் நுரை, மேலே மூடி. அந்தப் பெட்டிக்குக் குளிரைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெப்பத்தை மறிப்பது மட்டும்தான் அதன் வேலை. ஐஸ் போட்டால் வெளிச்சூட்டை உள்ளே விடாது. சுடுதண்ணி விட்டால் உள்சூட்டை வெளியே விடாது.

பியருக்கு முதலில் வேண்டியது அந்தச் சுடுதண்ணிதான். பார்லியை நனைத்து முளைக்க விட்டு, முளை எட்டிப்பார்க்கிற நேரத்தில் சூட்டில் காயவைத்து நிறுத்தினால் அது மோல்ட். முளைக்கத் தொடங்கின தானியம் தனக்குள் கிடக்கிற மாப்பொருளைச் சீனியாக உடைப்பதற்கு நொதியங்களைத் தயார் பண்ணி வைத்திருக்கும். மோல்ட்டை உடைத்து, 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரையான தண்ணியில் ஒரு மணித்தியாலம் ஊறவிட்டால், அந்த நொதியங்கள் மிச்ச வேலையைத் தாங்களே முடிக்கும். சூடு கொஞ்சம் குறைவாக இருந்தால் மதுவம் முழுதாகத் தின்று தீர்க்கக்கூடிய சீனி கூட வரும், பியர் மெலிதாக இருக்கும். சூடு கொஞ்சம் கூடினால் மதுவத்தால் தின்னமுடியாத சீனி மிஞ்சும், பியர் தடிப்பாக இருக்கும். 80 பாகைக்குப் போனால் நொதியம் பழுதாகிவிடும், தோசைமாவில் கொதிதண்ணி ஊத்தின மாதிரி.

பெரிய வடிசாலைகளில் இந்த ஊறல் நடக்கிற பாத்திரத்துக்குப் பெயர் மாஷ் டன். ஸ்ரெயின்லெஸ் இரும்பில் செய்திருப்பார்கள், ஓர் அறை அளவுக்கு இருக்கும், பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். ஆனால் அது செய்கிற வேலை என்ன? தானியத்தையும் தண்ணியையும் ஒரு மணித்தியாலம் சூடு ஆறாமல் வைத்திருந்துவிட்டு, சக்கையை உள்ளே மறித்து, சாற்றை வெளியே விடுவது. அவ்வளவுதான். கஞ்சி வடிக்கிறது.

ஐஸ்பெட்டியை மாஷ் டன் ஆக்குகிற முறையும் அப்படித்தான். பெட்டியின் அடியில் ஐஸ்தண்ணி வடிய வைத்திருக்கிற சின்ன அடைப்பானைக் கழற்ற வேண்டும். அந்த ஓட்டைக்குள் ஒரு நிப்பிளைச் செருகி, உள்ளும் வெளியும் றப்பர் வாஷர் போட்டு இறுக்கி, வெளிப்பக்கம் ஒரு போல் வால்வைப் பூட்ட வேண்டும். உள்பக்கத்துக்கு வடிகட்டி வேணும். அதுக்குத்தான் ஹாட்வெயார் கடையில் விற்கிற வளையும் குழாய்: வெளியில் ஸ்ரெயின்லெஸ் கம்பிப் பின்னல், உள்ளே பிளாஸ்டிக். இரண்டு முனையையும் இரும்பு அறுக்கிற வாளால் அறுத்து, உள்ளே இருக்கிற பிளாஸ்டிக்கை உருவி எறிந்துவிட்டு, பின்னலை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு முனையை மடித்து நசுக்கி அடைத்து, மற்ற முனையைக் கிளிப் போட்டு நிப்பிளோடு பொருத்தினால் வேலை முடிஞ்சுது. வெல்டிங் இல்லை, பொறியியல் பட்டம் இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் இருக்கிற டெனி கொன் என்பவர் இந்த ஐஸ்பெட்டி முறையை ஊருலகத்துக்குப் பரப்பியவர்களில் முக்கியமானவர். அவர் திரும்பத் திரும்பச் சொன்னதும் இதைத்தான்: செலவைக் குறை, வேலையைக் குறை, பியர் நல்லா வரும்.

காய்ச்சுகிற நாளில் முதலில் பெட்டிக்குள் சுடுதண்ணி விட்டுச் சுவரைச் சூடாக்கி ஊத்திவிட வேண்டும். பிறகு 73, 74 பாகையில் ஒரு 14 லீற்றர் தண்ணி, அதுக்குள் உடைத்த மோல்ட் நாலரை, ஐந்து கிலோ. தானியத்தின் குளிரில் சூடு இறங்கி 67இல் வந்து நிற்கும். கட்டி விழாமல் கிண்டி, மூடி, ஒரு மணித்தியாலம் விட்டுவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நல்ல பெட்டி எண்டால் அந்த நேரத்தில் ஒரு பாகை, ஒன்றரைப் பாகைக்கு மேல் இறங்காது. பிறகு வால்வை மெதுவாகத் திறந்து, முதலில் வருகிற கலங்கல் சாற்றைத் திரும்ப மேலே ஊத்த வேண்டும். தெளிஞ்சதும் முழுதையும் வடித்து, இன்னொரு முறை சுடுதண்ணி விட்டுக் கழுவி வடிக்க வேண்டும். அந்தச் சாற்றை ஹொப்ஸ் பூவோடு ஒரு மணித்தியாலம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, மதுவம் போட்டால் இரண்டு கிழமையில் ஏறக்குறைய 19 லீற்றர் பியர்.

இதை விபரமாக எழுதினதுக்குக் காரணம் இருக்கு. இதில் எந்த இடத்தில் உங்களுக்குத் தெரியாத வேலை வந்தது? ஊறவிடுகிறது, சூடு பார்க்கிறது, வடிக்கிறது, கழுவுகிறது, கொதிக்க வைக்கிறது, ஆறவிடுகிறது, புளிக்க விடுகிறது. எங்கட அம்மம்மாமார் ஒவ்வொரு நாளும் செய்த ஏழு வேலை. தெர்மோமீற்றர் மட்டும்தான் புதுசு.

அடுப்படியில் இருந்து பறித்தது ஆர்?

இது சமையல் வேலை எண்டு நான் உவமைக்குச் சொல்லவில்லை. வரலாறு அப்படித்தான் இருந்தது. கிறிஸ்துவுக்கு முன் 1800 அளவில் சுமேரியர் களிமண் பலகையில் எழுதிவைத்த ஒரு துதிப்பாட்டு பியர் காய்ச்சுகிற படிகளை வரிசையாகச் சொல்கிறது. அது பாடப்பட்டது நின்காசி எண்ட பெண் தெய்வத்துக்கு. ஆங்கிலத்தில் 'புறூஸ்ரர்' எண்டு ஒரு பழைய சொல் இருக்கு, பியர் காய்ச்சுகிற பெண் எண்டு அர்த்தம். ஜூடித் பெனற் எண்ட வரலாற்றாசிரியர் 1996இல் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். 1300 அளவில் இங்கிலாந்தில் ஏல் காய்ச்சி விற்றவர்களில் பெரும்பான்மை பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சுவார்கள், மிஞ்சினதை வாசலில் விற்பார்கள். 1600 ஆகும்போது அந்தத் தொழில் ஆண்களின் கைக்குப் போய்விட்டது. ஹொப்ஸ் போட்ட பியர் ஏலை விடக் கனநாள் கெடாமல் இருந்தது, தூர இடத்துக்கு அனுப்பலாம், பெரிய அளவில் காய்ச்சலாம். பெரிய அளவுக்குப் பெரிய முதல் வேணும். கடன் எடுக்க, ஒப்பந்தம் போட, சங்கத்தில் இருக்கப் பெண்களுக்கு இருந்த வழி குறைவு. ஆண்கள் நல்லாக் காய்ச்சியதால் வென்றார்கள் எண்டு ஆரும் நினைக்க வேண்டாம். காசு எங்கே சேர்ந்ததோ அங்கே ஆண்கள் நின்றார்கள்.

பிறகு அரசாங்கம் வந்தது. 1880இல் கிளாட்ஸ்டன் மோல்ட் வரியை எடுத்துவிட்டுப் பியருக்கே வரி போட்டார். அதோடு வீட்டில் காய்ச்சுகிறவருக்கும் அனுமதிப்பத்திரம் கட்டாயம் ஆனது. தன் வீட்டில் தனக்குக் காய்ச்சுகிற மனிசன் அரசாங்கத்திடம் சொல்லிவிட்டுக் காய்ச்ச வேண்டும். அது 83 வருசம் கழித்து, 1963ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் ரெஜினல்ட் மோட்லிங் நிதியமைச்சராக இருந்தபோதுதான் நீங்கியது.

அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்து 1933இல் நீங்கியது. வீட்டில் வைன் செய்யலாம் எண்டு சட்டம் விட்டது, பியருக்கு அந்த விலக்கு கிடைக்கவில்லை. 1978 ஒக்ரோபரில் ஜனாதிபதி ஜிம்மி காட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம்தான் ஒரு வீட்டில் ஒருவர் இருந்தால் வருசத்துக்கு 100 கலன், இரண்டு பேர் அல்லது அதுக்கு மேல் இருந்தால் 200 கலன் வரை வரியில்லாமல் காய்ச்ச விட்டது. விற்கக் கூடாது, வடிக்கக் கூடாது. மாநிலங்கள் தங்கள் பங்குக்கு இழுத்தடித்தன. கடைசி இரண்டு மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் 2013இல்தான் ஒத்துக்கொண்டன. அப்படி விட்டதால் நாடு குடியில் மூழ்கிப் போனதா? இல்லை. 1970களின் கடைசியில் அந்தப் பெரிய நாட்டில் பியர் வடிசாலைகள் நூறுக்கும் குறைவு, எல்லாம் ஒரே ருசி. இண்டைக்கு ஒன்பதாயிரத்துக்கு மேல். அதில் கனபேர் தொடங்கினது வீட்டு அடுப்பில். சியெரா நெவாடா கொம்பனியைத் தொடங்கிய கென் குறொஸ்மன் முதலில் ஹோம்புறூ சாமான் கடை வைத்திருந்தவர்.

சட்டம் தடுத்திருந்த 1970களிலேயே கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பபாஸியன் எண்ட பள்ளிக்கூட வாத்தியார் பியர் காய்ச்ச வகுப்பு எடுத்தார். ஒளிச்சு இல்லை, பகிரங்கமாக. பிறகு 1978இல் அமெரிக்க ஹோம்புறூவர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். அவரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு சட்டத்தை மீறி வகுப்பு நடத்துகிறவர் முன்னோடி ஆவதும், அதே மாதிரியான சட்டத்தை மீறுகிற இன்னொருவர் குற்றவாளி ஆவதும் அவர் எந்தத் தோலில், எந்தத் தெருவில் பிறந்தார் எண்டதில் கிடக்குது.

அதுக்கு உதாரணம் தென்னாபிரிக்காவில் இருக்கு. அங்கே ஆபிரிக்கப் பெண்கள் சோளத்தையும் இறுங்கையும் முளைக்கவைத்துக் காய்ச்சுகிற பியர் பல தலைமுறைப் பழக்கம். முளைத்த தானியம், சுடுதண்ணி, பொறுமை. ஐஸ்பெட்டிக்குள் நடக்கிற அதே வேலை. 1908இல் நேற்றால் குடியேற்றத்தில் ஒரு சட்டம் வந்தது. டர்பன் மாநகரசபை அதை வைத்து ஆபிரிக்கருக்குப் பியர் காய்ச்சி விற்கிற ஏகபோக உரிமையைத் தனக்கு எடுத்துக்கொண்டது. பெண்கள் வீட்டில் காய்ச்சினால் குற்றம். மாநகரசபை மண்டபத்தில் ஆண்கள் காசு கொடுத்துக் குடித்தால் வருமானம். அந்த வருமானத்தில்தான் கறுப்பர்களைப் பிரித்துவைக்கிற நிர்வாகமே நடந்தது. உன் கையைக் கட்டுகிற கயிற்றை உன் காசிலேயே வாங்குவது. 1959 ஜூனில் கேற்றோ மனர் பெண்கள் பொறுக்க முடியாமல் அந்தப் பியர் மண்டபங்களுக்குள் புகுந்து, குடித்துக்கொண்டிருந்த ஆண்களைத் துரத்தினார்கள். பொலிஸ் அவர்களை அடித்தது. அந்தப் பெண்கள் மதுவுக்கு எதிராகப் போராடவில்லை. தங்கள் கைவேலையைத் திருடி, அதைத் தங்கள் புருசன்மாருக்கே விற்ற அரசாங்கத்துக்கு எதிராகப் போராடினார்கள்.

எங்கட கணக்கு

இனி எங்கட வீட்டுக்கு வருவம். இலங்கையின் மதுவரிக் கட்டளைச் சட்டம் 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கம். வெள்ளைக்காரன் வருமானத்துக்காகச் செய்த சட்டம். அந்த நேரத்தில் கள்ளுத்தவறணைகளைப் பெருக்கப் போகிறார்கள் எண்டு தெற்கில் மதுவொழிப்பு இயக்கம் கொதித்தது. பிறகு சுதந்திரம் வந்தது, குடியரசு வந்தது, இரண்டு அரசியலமைப்பு வந்தது. சட்டத்தின் எலும்பு இன்னும் அதுதான். அனுமதிப்பத்திரம் இல்லாமல் மது உற்பத்தி செய்தால் குற்றம். கொம்பனிக்கு அனுமதிப்பத்திரம் வரும். பனையில் ஏறுகிறவர் அதுக்கு அலைய வேண்டும்.

ஒரு சின்ன ஒப்பீடு. 19ஆம் நூற்றாண்டில் நுவரெலியாக் குளிரில் தோட்டத்துரைமாருக்காகப் பியர் காய்ச்சத் தொடங்கினார்கள். பார்லி மோல்ட் கப்பலில் வந்தது, ஹொப்ஸ் கப்பலில் வந்தது. இண்டைக்கும் அவை இறக்குமதிதான். அது 'கைத்தொழில்' ஆனது. பனங்கள்ளுக்கு எதையும் இறக்குமதி செய்ய வேண்டாம். மோல்ட் வேண்டாம், மாஷ் டன் வேண்டாம், நொதியத்துக்குச் சூடு பார்க்க வேண்டாம். சீனியை மரமே செய்து தருகிறது. மதுவம் காற்றிலும் முட்டியிலும் இருக்கிறது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் கள்ளு. உலகத்தில் இதை விட இலேசாக மது செய்ய முடியாது. ஆனால் அந்த இலேசுக்குப் பின்னால் ஒரு மனிசன் ஒவ்வொரு நாளும் காலையும் மாலையும் மரத்தில் ஏறி இறங்குகிறான். பாளையை எவ்வளவு தட்டுகிறது, எந்தச் சரிவில் சீவுகிறது, எப்ப நிறுத்துகிறது எண்டது புத்தகத்தில் இல்லை, கையில் இருக்கு. தடுக்கி விழுந்தால் முதுகெலும்பு முறியும். ஐஸ்பெட்டிக்காரருக்கு நடக்கக்கூடிய பெரிய விபத்து காலில் சுடுதண்ணி ஊத்துப்படுவது.

ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கட ஆக்களில் சிலர் இந்த ஹோம்புறூவிங்கில் இறங்கியிருக்கினம். நல்லது. கராஜுக்குள் ஐஸ்பெட்டியைத் திறந்துவைத்து, நீராவி பறக்க, எத்தனை பாகை, எத்தனை நிமிசம், எந்த ஊர் ஹொப்ஸ் எண்டு படம் போடுவினம். கீழே 'சுப்பர் அண்ணை', 'எங்களுக்கும் ஒரு போத்தல்' எண்டு ஊரில் இருந்து எழுதுவினம். அதே ஆக்களிட்டைப் போய், உங்கட காணிப் பனையில் ஏறி இறக்கினவரின் பெயர் என்ன எண்டு கேளுங்கோ. கனபேருக்குப் பெயர் தெரியாது, சாதி தெரியும். அவர் இறக்கின கள்ளைக் குடித்தவர்கள் அவர் வீட்டுச் செம்பில் தண்ணி குடிக்கவில்லை. வீட்டுப் பின்பக்கத்தால கள்ளு வரும், முன்பக்கத்தால ஆள் வரக்கூடாது. அப்பத்துக்கு மா புளிக்க வைக்க ஒரு கோப்பை கள்ளு எங்கட உயர்சாதி அடுப்படிகளுக்குள் தாராளமாகப் போனது. அதை இறக்கின கை மட்டும் அந்த அடுப்படிக்குள் போகவில்லை. அப்பம் தீட்டுப்படவில்லை, ஆள்தான் தீட்டு.

இதுதான் ஐஸ்பெட்டி சொல்லித் தருகிற பாடம். ஒரே வேலையை ஒருவர் செய்தால் கலை, இன்னொருவர் செய்தால் கறை எண்டால், நாங்கள் மதிப்பது வேலையை இல்லை.

1970களில் சீவல் தொழிலாளர்களைச் சேர்த்துப் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. குத்தகைக்காரரின் பிடியில் இருந்து தொழிலாளரை வெளியில் எடுத்த முக்கியமான மாற்றம் அது. அதைக் குறைத்துச் சொல்ல ஏலாது. தவறணை சங்கத்தின் கைக்கு வந்தது, திக்கத்தில் வடிசாலை வந்தது. ஆனால் போர் மரங்களைத் தின்றது, இடப்பெயர்வு ஆக்களைத் தின்றது. இண்டைக்குச் சீவுகிறவரின் பிள்ளை அந்தத் தொழிலுக்குப் போக விரும்பவில்லை எண்டு மேடையில் கவலைப்படுகிறார்கள். ஏன் போக வேண்டும்? கொம்பனிக்கு மரியாதை, பனைக்கு 'எங்கள் அடையாளம்' எண்டு சிலை, ஏறுகிறவருக்கு மட்டும் பழைய பட்டம். அடையாளத்தை நாங்கள் வைத்திருப்பம், ஆபத்தை அவர் வைத்திருக்கட்டும் எண்டால் எந்தப் பிள்ளை வரும்?

பெண்கள் விசயம் இன்னும் மோசம். 1979இல் மதுவரிச் சட்டத்தின் கீழ் வந்த அறிவித்தல் பெண்களுக்கு மது விற்கத் தடை போட்டது. மதுவைச் செய்கிற, விற்கிற இடங்களில் ஒரு பெண் வேலை செய்ய வேண்டும் எண்டால் மதுவரி ஆணையாளரின் முன் அனுமதி வேணும் எண்டும் சொன்னது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர இரண்டையும் நீக்கினார். ஒரு கிழமை ஆவதற்குள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன அதைத் திரும்பப் பெறச் சொன்னார். பாதுகாப்பு, பண்பாடு எண்டு எல்லாரும் கதைத்தார்கள். நாலாயிரம் வருசத்துக்கு முன் பெண் தெய்வத்தின் வேலையாக இருந்த ஒன்றை, ஒரு பெண் கூலிக்குச் செய்யவே ஓர் அதிகாரியின் கடிதம் வேணும் எண்டு எழுதிவைத்த நாடு இது. இங்கே கேள்வி பெண்கள் குடிக்கலாமோ இல்லையோ எண்டது இல்லை. அவர்களின் கைக்கும் வேலைக்கும் ஆர் சொந்தக்காரர் எண்டதுதான் கேள்வி.

"அப்ப நீ குடியை ஆதரிக்கிறியோ?"

இந்தக் கேள்வி வரும் எண்டு தெரியும். நேரடியாகப் பதில் சொல்கிறேன்.

குடி எங்கட சமூகத்தில் செய்கிற அழிவு உண்மை. வடக்கிலும் மலையகத்திலும் பின்னேரம் ஆனால் எந்த வீட்டில் அடி விழும் எண்டு ஊருக்கே தெரியும். அந்த வீட்டுப் பெண்களுக்கு முன்னால் நின்று 'கைவினை', 'சுதந்திரம்' எண்டு அழகாகப் பேசுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் அந்த வீட்டுக்குள் போன போத்தல் எது எண்டு பாருங்கோ. முப்பது வீதத்துக்கு மேல் மதுசாரம் இருக்கிற, அனுமதிப்பத்திரத்தோடு, முத்திரையோடு, வரி கட்டி விற்கிற சாராயம். அல்லது அந்த வரி ஏறி ஏறி விலை கட்டாமல் போனபிறகு தேடிப்போகிற கசிப்பு. மதுவரி அரசாங்கத்தின் பெரிய வருமானங்களில் ஒன்று. குடியைக் குறைக்க விரும்புகிற அரசாங்கம் குடியால் வருகிற வருமானத்தை வைத்து வரவுசெலவுக் கணக்குப் போடாது.

நொதிக்க வைப்பதையும் வடிப்பதையும் வேண்டுமெண்டே ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். கள்ளும் பியரும் நொதிப்பு. பொதுவாக நாலு, ஐந்து, ஆறு வீதத்தில் நிற்கும். கசிப்பு வடிப்பு. மதுசாரத்தோடு சேர்த்து வேண்டாத நஞ்சையும் செறிவாக்கக் கூடியது, கண்ட கண்ட சாமானும் கலக்கிறது. கோடா பிடித்தோம் எண்டு பரலுக்கு முன்னால் அதிகாரிகள் நிற்கிற படம் கிழமைக்குக் கிழமை வரும். அந்தப் பரலையும் ஒரு வீட்டில் தன் பாவனைக்கு நொதிக்கிற ஒரு வாளியையும் ஒரே தட்டில் வைக்கிற சட்டம் உயிரைக் காப்பாற்றச் செய்த சட்டம் இல்லை. வரி தப்பக்கூடாது எண்டு செய்த சட்டம். காட்டர் கையெழுத்துப் போட்ட சட்டம் இந்த வித்தியாசத்தைத் தெளிவாகப் பிரித்தது: நொதிக்கலாம், அளவு இருக்கு, விற்கக் கூடாது, வடிக்கக் கூடாது. அமெரிக்காவைக் கும்பிடச் சொல்லவில்லை. ஒரு வரி எழுத முடியும் எண்டு காட்டுகிறேன்.

இன்னொரு எதிர்ப்பு எங்கட இடதுசாரி நண்பர்களிடம் இருந்து வரும்: ஹோம்புறூவிங் நடுத்தர வர்க்கத்து விளையாட்டு, அதுக்கு ஏன் இவ்வளவு கட்டுரை எண்டு. அரைவாசி சரி. இப்ப அந்தப் பொழுதுபோக்கே மாறிவிட்டது. தானாகச் சூடு பார்த்து, தானாகச் சாற்றைச் சுற்றவிடுகிற மின்சார இயந்திரங்கள் நூற்றுக்கணக்கான டொலருக்கு விற்குது. கைவேலையை மீட்டவர்களிடம் திரும்பவும் பெட்டியை விற்கிறார்கள். அதனால்தான் அந்தப் பழைய ஐஸ்பெட்டி முக்கியம். கருவி மலிவாக இருக்கும் மட்டும் அறிவு பொதுவில் இருக்கும். கருவி விலை ஏறினால் அறிவுக்கும் காவல் போடுவார்கள்.

என்ன வேணும்?

இங்கே எல்லாரும் ஐஸ்பெட்டி வாங்கி ஓட்டை போடுங்கோ எண்டு நான் சொல்லவில்லை. பார்லி விளையாத நாட்டில் அது தேவையுமில்லை. கேட்பது வேறு.

வயதுவந்தவர் தன் வீட்டுப் பாவனைக்கு, விற்காமல், வடிக்காமல், ஓர் அளவுக்குள் நொதிக்க வைப்பதைக் குற்றப் பட்டியலில் இருந்து எடுக்க வேணும். 1979 அறிவித்தலை இன்னொரு அமைச்சரின் மனம் மாறினால் திரும்பி வருகிற வர்த்தமானியால் இல்லாமல், பாராளுமன்றச் சட்டத்தால் முடித்துவைக்க வேணும். மரத்தில் ஏறுகிறவருக்கு விழுந்தால் குடும்பத்தைத் தாங்குகிற காப்புறுதி வேணும். அவர்களின் சங்கங்கள் தங்கள் கள்ளைத் தங்கள் பெயரில் போத்தலில் அடைத்துத் தாங்கள் நினைத்த சந்தையில் விற்க வழி வேணும். அதில் பெண்கள் ஆணையாளரின் கடிதம் இல்லாமல் வேலை செய்ய வேணும்.

இதெல்லாம் கொழும்பிடம் கேட்க வேண்டியது. எங்களிடம் நாங்களே கேட்க வேண்டியது ஒன்று இருக்கு. அதுக்கு வர்த்தமானி தேவையில்லை. கராஜில் பியர் காய்ச்சுகிற அண்ணையிடம் 'எத்தனை பாகையில் ஊறவிட்டீங்கள்' எண்டு கேட்கிற அதே ஆர்வத்தோடும் மரியாதையோடும், பனையால் இறங்கி வருகிற ஐயாவிடம் 'இந்தப் பாளையை எப்பிடிச் சீவினீங்கள்' எண்டு கேட்க முடியுமோ? கேட்டு, அவர் தருகிற பிளாவை அவருக்குப் பக்கத்தில் இருந்து குடிக்க முடியுமோ? குடிக்காதவர் எண்டால் அவர் வீட்டுச் செம்பில் தண்ணியாவது வாங்கிக் குடிக்க முடியுமோ? முடியாது எண்டால், சட்டத்தைப் பற்றி நாங்கள் வாய் திறக்க வேண்டாம். 1912 ஆம் ஆண்டுச் சட்டம் எங்கட வீட்டு வாசலிலேயே இன்னும் அமுலில் இருக்கு.